சூரணம் வேண்டாம், பழக்கத்தை மாற்றினால் போதுமா?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். புரிந்துகொண்டதில் பிசகு இருந்தால் பதிலும் பிசகிவிடும். வயது 36. கணினி முன்னால் உட்கார்ந்த வேலை. வீடு திரும்ப இரவு ஒன்பதரை, சாப்பாடு பத்தரை, படுக்கை பதினொன்றரை. மூன்று வருடமாக நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும். மலம் கழிவது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. படுத்தால் ஒரு மணி வரை தூக்கம் வருவதில்லை. இணையத்தில் ஏதோ ஒரு தேர்வு உங்களை ‘வாத-பித்த உடம்பு’ என்று சொல்ல, அதை நம்பிக் காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும், இரவில் ஒரு மலமிளக்கிச் சூரணமும் எடுத்து வருகிறீர்கள். மருந்தே இல்லாமல் உணவாலும் பழக்கத்தாலும் ஆயுர்வேத முறையில் இவற்றைச் சரிசெய்ய முடியுமா, அப்பாவின் சர்க்கரைக்கும் இதே வழி உதவுமா என்கிறீர்கள். மேலே பார்த்தால் மூன்று உபாதைகள் பற்றிய கேள்வி. உள்ளே இருப்பது வேறு: ‘என் உடம்புக்கு எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது, ஒரு பட்டியல் கொடுங்கள்.’ அந்தப் பட்டியலோடுதான் எனக்குக் கொஞ்சம் தகராறு.

நான் ஆயுர்வேதம் படித்தது பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கி இருபது வருடம் தாண்டிவிட்டது. உங்கள் நாடியையோ நாக்கையோ வயிற்றையோ பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். சொல்லப்போவதில் சில, பழைய நூலும் இன்றைய மருத்துவமும் ஒத்துப்போகும் விஷயங்கள். சில, என் அனுபவத்தில் பலன் தந்தும் ஆய்வு போதாதவை. சில, நூலில் இருந்தாலும் நான் இப்போது நம்பாதவை, அல்லது நூலில் இல்லாமலே நூலின் பெயரில் சுற்றுபவை. எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

ஆயுர்வேதத்தின் மூல நூல்களில் ஒன்றான, சரகரின் பெயரைத் தாங்கிய சரக சம்ஹிதையில் ‘விமான ஸ்தானம்’ என்ற பகுதியின் முதல் அத்தியாயம் உணவைப் பற்றி எட்டு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: பொருளின் இயல்பு, சமைக்கும் விதம், எதோடு சேர்க்கிறோம், எவ்வளவு, எந்த இடம், எந்தக் காலம், உண்ணும் முறை, உண்பவர் யார். நீங்கள் கேட்கும் ‘எதைத் தின்னலாம்’ என்பது இந்த எட்டில் ஒன்றுதான். மீதி ஏழையும் விட்டுவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவது நம் காலத்துப் பழக்கம். அதே இடத்தில் ஒரு விதி வருகிறது: முன்பு உண்டது செரித்த பிறகு உண். செரித்ததா என்று எப்படித் தெரியும்? அதற்கும் அடையாளங்களை நூல்கள் சொல்லியிருக்கின்றன. ஏப்பம் வந்தால் உண்ட வாடை இல்லாமல் சுத்தமாக இருக்கும், உடம்பு லேசாக இருக்கும், மனதில் சுறுசுறுப்பு இருக்கும், மலமும் சிறுநீரும் தடையில்லாமல் போகும், பசியும் தாகமும் தானாக வரும். ஆயுர்வேதம் ‘அக்கினி’ (செரிக்கும் ஆற்றல்) என்று சொல்வதை நோயாளிக்கு விளக்க இந்த ஐந்தும் எனக்குப் போதும். வாத பித்த கப வரைபடம் எதுவும் வேண்டியதில்லை.

இதை உங்கள் நாளோடு பொருத்திப் பாருங்கள். மதியம் ஒன்றரைக்குச் சாப்பிடுகிறீர்கள். ஆறு மணிக்கு டீயும் பஜ்ஜியும். பசி உண்மையில் வருவது எட்டு மணிக்கு. அதை அடக்கிக்கொண்டு வேலையைப் பார்க்கிறீர்கள். பத்தரைக்கு, பசி செத்த பிறகு, நாளிலேயே பெரிய சாப்பாடு. ஒரு மணி நேரத்தில் படுக்கை. இந்த வரிசையை மாற்றாமல் நான் என்ன பட்டியல் கொடுத்தாலும் நெஞ்சு எரியத்தான் செய்யும். இது உறுதியாகச் சொல்லக்கூடிய இடம். நவீன மருத்துவமும் இதையே சொல்கிறது. நிறைந்த வயிற்றோடு படுத்தால் உணவுக்குழாயின் அடிவாயில் உள்ள தசை வளையத்தின் மேல் அழுத்தம் கூடி அமிலம் மேலேறுகிறது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் விடச் சொல்லாத வயிற்று மருத்துவர் இல்லை.

வீட்டுக்கு வரவே ஒன்பதரை ஆகிறதே, என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயம்தான். நான் நோயாளிகளுக்குச் சொல்வது இது: பசி வரும் எட்டு மணிக்கே, அலுவலகத்திலேயே, இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். காலையில் கட்டி எடுத்துப்போன இரண்டு சப்பாத்தியோ, பயறு போட்ட உப்புமாவோ போதும். வீட்டுக்கு வந்து பசித்தால் ஒரு தம்ளர் கஞ்சி. ‘ராத்திரி சோறு தின்னாமல் எப்படிப் படுப்பது’ என்று முதல் வாரம் எல்லோரும் முறைக்கிறார்கள். இரண்டாவது வாரம் காலையில் பசிக்கிறது என்று வந்து சொல்வார்கள். காலைப் பசி திரும்புவதைத்தான் நான் முதல் நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்வேன். நெஞ்செரிச்சல் குறைவது அதற்கு அப்புறம்தான்.

அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. வயிற்றை நான்கு பங்காக நினைத்து, இரண்டு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, மிச்சம் ஒன்றைக் காற்றுக்கு விட்டுவிடச் சொல்கிறார் இன்னொரு பழைய ஆயுர்வேத நூலாசிரியரான வாக்படர். சரகர் மூன்று பங்காகப் பிரிக்கிறார். கணக்கு எதுவாக இருந்தாலும் கருத்து ஒன்றுதான், நிறையும் முன் எழுந்துவிடு. சாப்பிட்டபின் நூறு அடி நடந்து இடப்பக்கம் சாய்ந்து படு என்று இன்னொரு வழக்கு உண்டு. மாணவனாக இருந்தபோது பாட்டி வைத்தியம் என்று சிரித்திருக்கிறேன். இடப்பக்கம் படுக்கும்போது இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழாக அமைவதால் அமிலம் ஏறுவது குறைகிறது என்று பின்னாளில் ஆய்வுகள் காட்டின. என் சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொண்டேன். தலைமாட்டில் தலையணையை அடுக்குவதைவிடக் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து அரை அடி உயர்த்துவது நல்லது. இது நூலில் இல்லை. ஆனால் வேலை செய்கிறது.

இப்போது பொருளுக்கு வரலாம். நெஞ்சு கரிப்பும் புளிப்பும் சேர்ந்த இந்த நிலையைச் சரகர் தனி அத்தியாயம் கொடுத்துப் பேசவில்லை. காஸ்யப சம்ஹிதையும் மாதவ நிதானமும்தான் அம்லபித்தம் என்று தனி நோயாக விவரிக்கின்றன. புளிப்பு, காரம், எண்ணெயில் பொரித்தது, புளித்த மாவு, வெறும் வயிற்றில் காபி ஆகியவற்றைக் குறைக்கச் சொல்வோம். இதில் காபி, காரம், கொழுப்பு ஆகியவை பலருக்கு எரிச்சலைத் தூண்டுவது உண்மை. ஆனால் எல்லோருக்கும் எல்லாமும் தூண்டாது. இட்லி ஒத்துக்கொள்கிறவர்கள் அதிகம்; நாலு நாள் புளித்த மாவில் வார்த்த தோசைதான் பெரும்பாலும் வம்பு. அதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். கொத்தமல்லி விதையை இடித்து இரவு ஊறவைத்து காலையில் வடிகட்டிக் குடிப்பது, நெல்லிக்காய், பழைய அரிசிக் கஞ்சி, பச்சைப்பயறு, புடலை, சுரை போன்ற நீர்க்காய்கள் எல்லாம் என் நோயாளிகளில் பலருக்கு இதமாக இருந்தன. அனுபவம் என்ற அளவில்தான் இதைச் சொல்கிறேன். குளிர்ந்த பால் குடித்தால் உடனே அடங்கும், ஆனால் கொஞ்ச நேரத்தில் பாலே அமிலச் சுரப்பைத் தூண்டும். தினசரி மருந்தாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம். மோரும் எல்லோருக்கும் நல்லது என்று நினைக்கிறோம். மூலத்துக்கும் நாட்பட்ட கழிச்சலுக்கும் மோரைப் புகழ்கிற அதே மரபு, எரிச்சலும் இரத்தப்போக்கும் உள்ளவருக்கு மோர் கூடாது என்கிறது. உங்களுக்குப் புளித்த மோர் வேண்டாம்.

சோடா உப்பு கரைத்துக் குடிப்பதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். திப்பிலி, க்ஷாரம், உப்பு மூன்றையும் அளவுக்கு மேல் பழக்காதே என்று சரகர் எச்சரிக்கும் இடம் ஒன்று உண்டு. க்ஷாரம் என்றால் காரத்தன்மை உடைய உப்பு. சோடா உப்பு அந்த இனம்தான். அவர் சொன்ன காரணங்கள் அவர் காலத்துக் காரணங்கள். இன்றைய காரணம் எளிது: அதில் இருப்பது சோடியம். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது கெடுதல். எப்போதாவது ஒரு நாள் சரி. வாரத்துக்கு நாலு நாள் என்றால் நிறுத்துங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பயிற்சிக் காலத்தில் ஒரு மாலை, ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ‘வாயுப் பிடிப்பு, மேல் வயிற்றிலிருந்து ஏறுகிறது’ என்று வந்தார். ஓமமும் பெருங்காயமும் வீட்டிலேயே தின்றுவிட்டு வந்திருந்தார். எனக்கும் வாயுவாகத்தான் தோன்றியது. என் மூத்தவர் ஒருவர் அவருடைய வியர்த்த நெற்றியைப் பார்த்துவிட்டு உடனே இசிஜி எடுக்கச் சொன்னார். மாரடைப்பு. அன்றிலிருந்து ‘வாயு’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் பயம். நெஞ்சு இறுக்கம் தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவினால், வியர்த்தால், மூச்சு வாங்கினால், ஆயுர்வேதத்தை மூடிவைத்துவிட்டு அவசர சிகிச்சைக்குப் போங்கள். விழுங்கும்போது சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, தார் போலக் கறுத்த மலம், இரத்த வாந்தி, இரத்தசோகை இருந்தால் உள்நோக்கி (எண்டோஸ்கோபி) பரிசோதனை தேவை. மூன்று வருடமாக எரிச்சல் என்கிறீர்கள். இவற்றில் எதுவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை வயிற்று மருத்துவரைப் பார்த்துவிடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அந்த ‘வாத-பித்த’ முடிவு பற்றி இரண்டு வார்த்தை. பிரகிருதி, அதாவது ஒருவருக்குப் பிறவியிலேயே அமைந்த உடல்வாகு, என்கிற கருத்து ஆயுர்வேதத்தின் மையத்தில் இருப்பது. அதற்கும் மரபணுக்களுக்கும் தொடர்பு உண்டா என்று டெல்லியில் உள்ள அரசு ஆய்வு நிறுவனம்கூட ஆராய்ந்திருக்கிறது. முடிவு கட்டும் நிலையில் அது இல்லை. நடைமுறையில் ஒரே ஆளை இரண்டு வைத்தியர்கள் பார்த்து இரண்டு பிரகிருதி சொல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை அந்த இரண்டு பேரில் ஒருவன் நானே. இருபது கேள்விக்கு டிக் அடித்து வருகிற விடை, அன்றைக்கு உங்களுக்கு என்ன தொந்தரவு என்பதைத்தான் பெரும்பாலும் சொல்லும். மலச்சிக்கல் உள்ளவர் எல்லாரும் ‘வாதம்’, நெஞ்செரிச்சல் உள்ளவர் எல்லாரும் ‘பித்தம்’ என்று வந்து நிற்பதில் ஆச்சரியம் ஏதும் இல்லையே.

தேன் விஷயம் வேடிக்கையானது. வெந்நீரில் தேன் கலந்து குடிப்பது ஆயுர்வேதம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆயுர்வேத நூல்கள் சொல்வது நேர் எதிர்: தேனைச் சூடாக்காதே, சூடானதோடு சேர்க்காதே. தேனால் வரும் அஜீரணத்தைப் போல் தீர்க்கக் கடினமானது வேறில்லை என்பது வரை சரகர் போகிறார். சூடுபடுத்தினால் தேனின் சேர்மங்கள் சில மாறுவது உண்மைதான். ஆனால் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கலந்த ஒரு ஸ்பூன் தேன் மனிதருக்குத் தீங்கு செய்ததற்கு ஆதாரம் கிடையாது. ஆக, நூலை நம்பினால் குடிக்கக்கூடாது. ஆய்வை நம்பினால் குடிப்பதால் பெரிய நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. உங்கள் விஷயத்தில் வம்பு தேன் அல்ல, வெறும் வயிற்றில் எலுமிச்சை. எரிகிற இடத்தில் புளிப்பை ஊற்றுகிறீர்கள். நாளையே நிறுத்திவிடுங்கள். வெறும் வெந்நீர் போதும், அதுவும் ஒரு தம்ளர். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேனை எந்த ரூபத்திலும் கொடுக்காதீர்கள். பொட்டுலிசம் என்கிற நஞ்சேற்றம் வரும் அபாயம் உண்டு.

மலச்சிக்கலுக்கு வருவோம். இதில் ஆயுர்வேதம் சொல்லும் ஒரு காரணத்தை நான் மிகவும் மதிக்கிறேன். சரகர் அடக்கக்கூடாத 13 வேகங்களை, அதாவது உடம்பின் இயற்கை உந்துதல்களை, சொல்கிறார்: மலம், சிறுநீர், விந்து, கீழ்க்காற்று, வாந்தி, தும்மல், ஏப்பம், கொட்டாவி, பசி, தாகம், கண்ணீர், தூக்கம், உழைப்பால் வாங்கும் மூச்சு. எப்போதும் அடக்க வேண்டியவை என்று அடுத்தாற்போல் பேராசை, கோபம், பொறாமை முதலியவற்றைச் சொல்வார். நாம் இரண்டையும் மாற்றிச் செய்கிறோம், சரி, அது போகட்டும். காலையில் மலம் வரும் உணர்வை எட்டு மணிப் பேருந்துக்காக அடக்குகிறவரின் குடல் கொஞ்ச நாளில் அந்தச் சமிக்ஞையையே அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும். மலம் உள்ளேயே தங்கி நீர் வற்றி இறுகும். இதில் பழைய நூலுக்கும் இன்றைய உடலியலுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இரைப்பையில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும் அனிச்சைச் செயல் ஒன்று உண்டு. காலையில் அது பலமாக இருக்கும். அதனால் எழுந்ததும் வெந்நீர், ஏதாவது சிறிது ஆகாரம், அரை மணிக்குள் கழிப்பறையில் பத்து நிமிடம், வந்தாலும் வராவிட்டாலும், தினமும் ஒரே நேரத்தில். கைபேசியை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலடியில் ஒரு சிறு பலகை வைத்துக் குந்திய நிலைக்குக் கொண்டுவாருங்கள். முக்குவது குறையும்.

உணவில் கீரை, காய், தோலோடு பயறு, கொய்யா, பப்பாளி, ஊறவைத்த உலர்ந்த திராட்சை. நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். பத்து நாளில் படிப்படியாகக் கூட்டுங்கள். தண்ணீரையும் சேர்த்துக் கூட்டுங்கள். வறண்ட மலத்துக்கு இரவு வெந்நீரிலோ பாலிலோ ஒரு ஸ்பூன் நெய் என்பது நாங்கள் சாதாரணமாகச் சொல்வது. ஆய்வு குறைவு, ஆனால் சிலருக்கு நன்றாகவே கேட்கிறது. உங்களுக்கு எரிச்சலும் இருப்பதால் அதை நான் இப்போது சொல்ல மாட்டேன். படுக்கும் நேரத்தில் கொழுப்பு வேண்டாம். இசப்கோல் உமிக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அது யுனானி வழியாக நமக்கு வந்தது என்பதால் அதை ஒதுக்கும் வைத்தியர்களை எனக்குத் தெரியும். நான் தயங்காமல் கொடுக்கிறேன். அதை நிறையத் தண்ணீரோடுதான் எடுக்க வேண்டும். விழுங்கச் சிரமம் உள்ளவருக்கு அது ஆகாது.

அப்புறம் அந்த இரவுச் சூரணம். டப்பாவைத் திருப்பிச் சேர்க்கைப் பொருள்களைப் படியுங்கள். நிலாவாகை, சோனாமுகி, சென்னா இவற்றில் எந்தப் பெயர் இருந்தாலும் அது ஒரே செடி. திருநெல்வேலி பெயரையே தாங்கி உலகம் முழுவதும் ஏற்றுமதியாகும் இலை அது. பல மருத்துவ முறைகளும் அதை அறியும். குடல் சுவரைத் தூண்டிப் பேதியாக்கும். பத்து நாளுக்கு நல்ல மருந்துதான். மாதக்கணக்கில் தினமும் எடுத்தால் பொட்டாசியம் குறையலாம், குடலின் உட்சுவர் நிறம் மாறலாம், இல்லாமல் போக முடியாத நிலையும் பலருக்கு வருகிறது. ‘இயற்கையானது, பக்கவிளைவு இல்லை’ என்று டப்பாவில் எழுதியிருப்பதை வைத்து இதைத் தீர்மானிக்காதீர்கள். ஒரே நாளில் நிறுத்தினால் நாலு நாள் அடைத்துக்கொள்ளும். அளவைப் பாதியாக்கி, ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, மூன்று நான்கு வாரத்தில் விடுங்கள். திரிபலா, அதாவது கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்தது, இதைவிட மென்மையானது. சிறு ஆய்வுகள் சாதகமாக இருக்கின்றன. பெரிய ஆய்வு இன்னும் தேவை. நீங்கள் மருந்து வேண்டாம் என்று சொன்னதால் அதைக் கட்டாயப்படுத்தவில்லை.

தூக்கம். உணவு, தூக்கம், பிரம்மசரியம் மூன்றையும் உடம்பைத் தாங்கும் துணைத் தூண்கள் என்கிறது சரக சம்ஹிதை. தூக்கம் வராதவருக்கான அதன் பட்டியல் எனக்கு மிகவும் பிடித்தது: எண்ணெய் தேய்த்துக்கொள்வது, குளியல், பால், நெய், மனதுக்கு இதமான பேச்சும் வாசனையும், நல்ல படுக்கை, உரிய நேரம். நடுவில் தயிர் சேர்த்த அரிசிச் சோறும் வருகிறது. ‘இரவில் தயிர் உண்ணாதே’ என்று அதே நூல் இன்னோர் இடத்தில் சொல்கிறது. இதை வைத்து மாணவர் விடுதியில் இரவு முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம், தூங்காமல்தான். எருமைப்பால் தூக்கம் தருபவற்றில் சிறந்தது என்றும் ஒரு வரி உண்டு. பால் தூக்கம் தரும் என்பதற்கு ஆய்வு பலமாக இல்லை. படுக்குமுன் உள்ளங்காலில் நல்லெண்ணெய் தடவித் தேய்ப்பது பலருக்கு உதவுவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அது எண்ணெயாலா, பத்து நிமிடம் கைபேசியைக் கீழே வைத்ததாலா என்று என்னைக் கேட்டால் இரண்டாவதன் பக்கம்தான் சாய்வேன். தேய்த்த பின் துடைத்துவிட்டு நடங்கள். வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட ஒரு பாட்டியை எனக்குத் தெரியும்.

இன்னொன்றில் நான் நூலோடு ஒத்துப்போகவில்லை. இரவில் விழித்திருந்த நேரத்தில் பாதியை மறுநாள் காலை, சாப்பிடும் முன் தூங்கி ஈடுகட்டு என்கிறார் வாக்படர். இரவுப் பணிக்காரருக்கும் நோயாளி பக்கத்தில் விழித்திருந்தவருக்கும் அது நல்ல யோசனை. படுத்தும் தூக்கம் வராத உங்களைப் போன்றவருக்கு அது கெடுதல். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்து வெளிச்சத்தில் நடக்க வேண்டும், பகலில் தூங்கக்கூடாது, தூக்கம் வராமல் இருபது நிமிடம் ஆனால் படுக்கையை விட்டு எழுந்துவிட வேண்டும். தூக்கமின்மைக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படும் மனநல சிகிச்சை முறையில் இவை அடங்கும். பாலில் சாதிக்காய்த் தூள் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சிட்டிகைக்கு மேல் போகாதீர்கள். ஸ்பூன் கணக்கில் போனால் படபடப்பும் மனக்குழப்பமும் வரும், விளையாட்டில்லை. எரிச்சல் காரணமாகத்தான் தூக்கம் கெடுகிறது என்றால், இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குக் கொண்டுவந்தாலே இதுவும் சேர்ந்து சரியாகலாம்.

பாலும் மீனும் சேர்த்தால் வெண்புள்ளி வருமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். ஒன்றோடொன்று சேர்க்கக்கூடாத உணவுகள் என்று நூல்கள் சொல்லும் விருத்த ஆகாரப் பட்டியலில் அது இருக்கிறது. வெண்புள்ளி என்பது உடம்பின் எதிர்ப்பு சக்தியே நிறமிச் செல்களை அழிப்பதால் வருவது. பாலும் மீனும் அதை உண்டாக்குவதற்கு ஆதாரம் இல்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் சேர்க்காதீர்கள், பயப்படாதீர்கள்.

அப்பாவுக்கு வருகிறேன். சர்க்கரை நோய்க்கு ஆயுர்வேதம் உணவாலும் உழைப்பாலும் வைத்தியம் சொன்னது, அதுவும் கடுமையாகச் சொன்னது. குடையும் செருப்பும் இல்லாமல், பிச்சை எடுத்து உண்டு, ஓர் ஊரில் ஓர் இரவுக்கு மேல் தங்காமல் நூறு யோசனை (பழைய தூர அளவு) நட, அல்லது மாடு மேய், அல்லது கிணறு வெட்டு என்பது இன்னொரு மூல நூலாசிரியரான சுஸ்ருதரின் அறிவுரை. பார்லி, பச்சைப்பயறு, கசப்புக் காய்கள் முக்கிய உணவு. உடல் பருத்தவருக்கும் மெலிந்தவருக்கும் சிகிச்சை வேறு என்று சரகர் பிரித்ததும் கூர்மையான கவனிப்பு. மெலிந்தவரைப் பட்டினி போட்டு நடக்கவிடாதே என்றார்கள். எடையைக் குறைப்பது, சோற்றின் அளவைக் குறைத்துக் காயும் பருப்பும் கூட்டுவது, ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது ஆகியவை சர்க்கரையைக் குறைக்கும் என்பதில் இன்று சந்தேகமில்லை. ஆனால் சர்க்கரை நோய்க்குத் தேனை அனுமதிக்கும் இடத்தில் நான் நூலைப் பின்பற்ற மாட்டேன். தேனும் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் இரத்தத்தில் சர்க்கரையைத்தான் ஏற்றும்.

அப்பா எடுக்கும் மாத்திரைகளில் கிளிமிபிரைடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டுவது. அதோடு தினமும் பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் சேர்த்து, சாப்பாட்டையும் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். விடியற்காலையில் வியர்த்து நினைவு தப்பிய ஒருவரை வீட்டார் ‘பித்த மயக்கம்’ என்று நினைத்து எலுமிச்சை மோந்து பார்க்க வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சர்க்கரைக் கரைசல் கொடுத்த பிறகுதான் எழுந்தார். உணவை மாற்றும் முன் அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள்; சர்க்கரை குறையக் குறைய மாத்திரையைக் குறைப்பது அவர் வேலை. நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்சுலின் போடுபவர் என்றால் பேச்சே வேண்டாம். சிறு வயதில் வரும் வகையில் இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. ‘மூன்று மாதத்தில் சர்க்கரைக்கு நிரந்தரத் தீர்வு’ என்று யாராவது விளம்பரம் செய்தால் அது மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். சர்க்கரை நோயை அந்தச் சட்டத்தின் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள்.

அவருக்கு இரத்த அழுத்தமும் இருக்கிறது என்றால் இருமலுக்கு அதிமதுரத்தைத் தொடர்ந்து கொடுக்காதீர்கள், அழுத்தத்தை ஏற்றும். நரம்புத் தளர்ச்சிக்கு என்று யாரோ கொடுத்த பொடியில் பஸ்பமோ செந்தூரமோ (உலோகங்களையும் தாதுக்களையும் நெருப்பில் புடம் போட்டுச் செய்பவை) இருந்தால் என்ன, எவ்வளவு, யார் தயாரித்தது என்று கேளுங்கள். 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. எங்கள் துறைக்குள் இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். முறைப்படி புடம் போட்டது கெடுதல் செய்யாது என்பார்கள். புடம் சரியாகப் போடப்பட்டதா என்று டப்பாவை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது. அதனால் லேபிளில் தயாரிப்பு உரிம எண்ணும் முழுச் சேர்க்கையும் இல்லாத பொடியை நான் என் வீட்டில் யாருக்கும் கொடுப்பதில்லை.

உங்களுக்கு இப்போதைக்கு மூன்றே வேலை. எலுமிச்சைத் தண்ணீரை நிறுத்துங்கள், எட்டு மணிக்குச் சாப்பிடுங்கள், தினமும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்து கழிப்பறைக்குப் போங்கள். ஒரு நோட்டில் எத்தனை மணிக்குப் பசித்தது, எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது எரிந்தது, மலம் போனதா என்று நான்கு வரி மட்டும் எழுதி வாருங்கள். மூன்று வாரத்தில் எரிச்சல் கொஞ்சமும் குறையாவிட்டால் அந்த நோட்டோடு ஒரு மருத்துவரிடம் நேரில் போங்கள். எந்த முறை மருத்துவராக இருந்தாலும் நீங்கள் பேசுவதற்கு முன் அதைத்தான் வாங்கிப் படிப்பார்.